பெரிய டீச்சரும் நானும் பரீட்சை எழுதிய கதை

எனக்கு நாற்பத்தெட்டு வயது. தலையில் பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்தான் சின்ன டீச்சர். இரண்டே பேர் வேலை பார்க்கிற இடத்தில் தலைமையாசிரியை பெரிய டீச்சர் ஆகிவிட்டால் மிச்சமிருப்பவள் சின்ன டீச்சராகத்தானே இருக்க முடியும்? சிவகாசியிலிருந்து எம்.புதுப்பட்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, பட்டாசுக் கம்பெனிகளின் போர்டுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி இறங்கினால் எங்கள் தொடக்கப்பள்ளி. ஒன்று முதல் மூன்று வகுப்புவரை எனக்கு. நாலும் ஐந்தும் அவருக்கு. நடுவில் ஒரு இரும்பு பீரோ. அதுதான் எங்களுக்குச் சுவர்.

அந்த பீரோவுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் வருடக்கணக்காக ஒரே ஒரு விஷயத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித்தருவது எப்படி என்பதுதான் அது.

பெரிய டீச்சர் எழுத்துக் கட்சி. முதலில் ட, ப, ம. அவை கைக்கு வந்த பிறகு படம், பட்டம், மடம். எழுத்து தெரியாத பிள்ளைக்கு வார்த்தையைக் காட்டுவது பல் முளைக்காத பிள்ளைக்கு முறுக்கு கொடுக்கிற மாதிரி என்பார். நான் சொல் கட்சி. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்பே நூறு பட்டாசு லேபிள்களைப் பார்த்திருப்பார்கள். குருவி, பாம்பு, சக்கரம், சாட்டை எல்லாம் அவர்களுக்குப் பழகிய சொற்கள். அந்த லேபிள்களைச் சுவரில் ஒட்டி, பழகிய சொல்லை முழுசாகப் படிக்கவைத்து, அதற்குள்ளிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பேன். கு எங்கே இருக்கிறது, பாம்பில் எத்தனை ப இருக்கிறது, இப்படி.

ஒருநாள் பெரிய டீச்சர் பீரோவைச் சுற்றி வந்து, நான் பெருமையாக லேபிள் வாசிக்கவைத்துக்கொண்டிருந்த பையனின் பக்கத்தில் நின்றார். அவன் கணீரென்று "பாம்பு" என்று படித்தான். அவர் லேபிளில் இருந்த பாம்புப் படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இப்பப் படிலே" என்றார். பையன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ரொம்ப மரியாதையாக, "டீச்சர், வெரல எடுங்க, படிக்கிறேன்" என்றான்.

அதற்கப்புறம் ஒரு மாதம் அந்தக் கட்டைவிரல் பீரோவுக்கு மேலே அடிக்கடி எழும்பும். நான் வாயைத் திறந்தால் போதும், அவர் விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார்.

எனக்கும் ஒரு நாள் வந்தது. நான் பயிற்சிக்குப் போயிருந்தபோது என் வகுப்பை அவர்தான் பார்த்துக்கொண்டார். மறுநாள் ஒரு சிறுமியை எழுப்பி, தான் ஒரே நாளில் சாதித்ததைக் காட்டினார். பலகையில் எழுதியிருந்ததை அவள் தொட்டுத் தொட்டு, "கு... ரு... வி..." என்று பிசகாமல் சொன்னாள்.

"சேத்துச் சொல்லு."

அவள் சேர்த்துச் சொன்னாள். "வெடி."

எங்கள் பிள்ளைகளுக்குக் குருவி என்றால் முதலில் வெடி, அப்புறம்தான் பறவை. நான் சிரிப்பை அடக்க பீரோவைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் வாழ்க்கையில்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. என் வீட்டுக்காரர் சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். காலையில் காபியும் கையுமாகப் பேப்பர் படிக்கும்போது எனக்குப் பிடிக்காத செய்திகளை மட்டும் சத்தமாகப் படிப்பது அவர் வழக்கம். அன்றைக்கு, "ஏம்மா, உனக்குப் பரீட்சை வச்சிருக்காக" என்றார். ஏற்கெனவே வேலையில் இருக்கிற ஆசிரியர்களும் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும், இல்லாவிட்டால் வேலையில் நீடிக்க முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. அறுபது வயதில் ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கும் குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு.

பள்ளிக்கூடம் போனால், பெரிய டீச்சர் அப்போதே நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"ஒங்களுக்கு வேண்டாம்ல டீச்சர்? ஒங்களுக்கு அம்பத்தாறு இருக்குமே" என்றேன் ஆறுதலாக.

"இருக்கும். ஆனா சர்டிபிகேட்ல அம்பத்தி நாலுதான இருக்கு. எங்க அப்பா பள்ளிக்கூடத்துல சேக்கையில ரெண்டு வருசத்தக் கொறச்சுக் குடுத்துட்டாரு. எம்மக கூட ரெண்டு வருசம் கவருமெண்டு சம்பளம் வாங்கட்டும்னு அன்னைக்கே கணக்குப் போட்டாராம். எம்புட்டு தொலைநோக்கு பாருங்க!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? கடைசியாக நான் பரீட்சை எழுதியது கல்யாணத்துக்கு முன்னால்.

முதலில் கைடு வாங்கப் போனோம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் படிக்கிற நோட்ஸும் கைடும் பாதிக்குமேல் சிவகாசியில்தான் அச்சாகின்றன. ஆனால் சிவகாசிக் கடைகளில் ஒன்றுகூட இல்லை. "நேத்தே காலி டீச்சர். வாங்குறதெல்லாம் டீச்சருங்கதான். பயலுகளவிட வேகமா வந்து அள்ளிட்டுப் போயிட்டாக" என்றார் கடைக்காரர். அடுத்த லோடு மதுரையிலிருந்து வர வேண்டும் என்று வேறு சொன்னார். எங்கள் ஊரில் அச்சடித்து, மதுரைக்குப் போய், அங்கிருந்து எங்கள் ஊருக்கே திரும்பி வர வேண்டும்!

என் தம்பி ஓர் ஆப்செட் அச்சகத்தில் கட்டிங் மிஷினில் நிற்கிறான். அவனிடம் புலம்பினேன்.

"அக்கா, அந்தக் கைடு எங்க கம்பெனியிலதான் ஓடுது. புக்கு எடுக்க விடமாட்டாங்க. வேஸ்ட் ஷீட் வேணா கேட்டுப் பாக்கேன். எப்படியும் பழைய பேப்பருக்குத்தான் போடுவாக."

"வேஸ்டுன்னா கிழிஞ்சிருக்குமாலே?"

"கிழியாது. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்."

அந்தக் கொஞ்சம் முன்னப்பின்ன எவ்வளவு என்பதை அவன் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பைக்கின் பின்னால் பாய் மாதிரி ஒரு சுருட்டைக் கட்டிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்தான். பிள்ளைகள் போன பிறகு பிரித்துத் தரையில் விரித்தோம். ஒவ்வொன்றும் ஒரு கட்டில் விரிப்பு அகலம். அச்சகத்தில் அதற்குப் பாரம் என்று பெயர். ஒரு பக்கத்தில் எட்டு, மறுபக்கத்தில் எட்டு என்று பதினாறு பக்கங்களை ஒரே தாளில் அடித்துவிட்டு, அப்புறம் மடித்து வெட்டுவார்கள். மடித்த பின்தான் ஒன்றுக்கு அடுத்து இரண்டு வரும். மடிக்காத தாளில் ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறு இருக்கிறது. இரண்டைக் காணோம். அது தாளுக்குப் பின்னால். கீழ் வரிசையில் நாலு பக்கம் நேராக, மேல் வரிசையில் நாலு பக்கம் தலைகீழாக.

"வெட்டிருவோம்" என்று பெரிய டீச்சர் கத்தரியை எடுத்தார். வெட்டவும் முடியவில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று விலகி அச்சாகியிருந்தன. முன்பக்கத்துக்கு நேராக வெட்டினால் பின்பக்கத்தில் ஒவ்வொரு வரியிலும் பாதி போய்விடும். அதனால்தானே அது வேஸ்ட்!

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். தாளைத் தரையில் விரித்து, இந்தப் பக்கம் நானும் எதிர்ப்பக்கம் அவரும் உட்கார்ந்துகொள்வது. எனக்கு நேராக இருப்பதை நான் சத்தமாகப் படிப்பேன். எனக்குத் தலைகீழாக இருப்பது அவருக்கு நேர். அதை அவர் படிப்பார். பக்கம் முடிந்ததும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு, போர்வை உதறுகிற மாதிரி தாளைத் திருப்புவோம். பெரிய டீச்சருக்கு மூட்டுவலி, சம்மணம் போட முடியாது. ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையை இழுத்துச் சொருகி, ஒரு கையைத் தலைக்கு முட்டுக்கொடுத்து ஒருக்களித்துப் படுத்துவிட்டார். அதுதான் அவருக்கு வசதியாக இருந்தது.

இதில் இன்னொரு சங்கடம். அச்சகத்தில் வேஸ்ட் தாளைச் சும்மா போட மாட்டார்கள். அடுத்த வேலைக்கு நிறம் சரிபார்க்க அதையே திரும்ப மிஷினில் விடுவார்கள். எங்கள் பாரங்கள் பலவற்றின் மேல் பட்டாசு லேபிள் ஏறியிருந்தது. கற்றல் கோட்பாடுகளின் மேல் ஒரு மயில் தோகை விரித்து நின்றது. நுண்ணறிவு என்ற பாடத்தில் சரஸ்வதி காலண்டர், அதுவும் மஞ்சள் நிறத்தில் மட்டும்.

மயிலுக்குக் கீழே இருந்ததைப் படிப்பதுதான் பெரும்பாடு. தோகையின் கண்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து தெரியும். என் பழக்கப்படி நான் சொல்லின் உருவத்தைப் பார்த்து மொத்தமாக ஊகித்துவிடுவேன். பெரிய டீச்சர் விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டுவார். வரி முடிவதற்குள் அவருக்கு ஆரம்பம் மறந்துவிடும். எனக்கு ஆரம்பம் முடிவு எல்லாம் ஞாபகம் இருக்கும், ஆனால் அவற்றில் பாதி நானாகச் சேர்த்ததாக இருக்கும்.

அப்படி நான் படித்ததுதான் 'ஒதுங்கியிருத்தல்'. 'குழந்தை புதிய அனுபவத்தைப் பழைய அனுபவத்தோடு ஒதுங்கியிருத்தல் கற்றலின் முக்கியப் படியாகும்.' வாக்கியம் கொஞ்சம் இடித்தது. ஆனால் அந்த மாதிரிப் புத்தகங்களில் எந்த வாக்கியம்தான் இடிக்கவில்லை? மனப்பாடம் செய்துவிட்டோம். பெரிய டீச்சர் ஒருபடி மேலே போய் உதாரணமே கண்டுபிடித்தார்.

"ஒங்க ரெண்டாங் கிளாஸ்ல ஒருத்தன் மூலையிலயே ஒக்காந்திருப்பானே, அவன் அந்தப் படியிலதான் இருக்கான் டீச்சர். நாமதான் வீணா அவனத் திட்டிக்கிட்டிருந்தோம்."

நானும் அந்தப் பையனை ஒரு வாரம் எதுவும் சொல்லாமல் விட்டேன். அவனும் நிம்மதியாக ஒதுங்கியிருந்தான். பிறகு வேறொரு பாரத்தில், மயில் இல்லாத ஓரிடத்தில் அதே வாக்கியம் பளிச்சென்று வந்தது: 'ஒருங்கிணைத்தல்'. பெரிய டீச்சர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

கோட்பாட்டாளர்களின் பெயர்கள் இரண்டு பேருக்குமே வாயில் நுழையவில்லை. யார் எந்தப் பிராணியை வைத்துச் சோதனை செய்தார்களோ அதையே பெயராக வைத்துக்கொண்டோம். மணியடித்து நாய்க்குச் சோறு போட்டவர் நாய்க்காரர். கூண்டில் பூனையை அடைத்தவர் பூனைக்காரர். எலிக்காரர் ஒருவர், குரங்குக்காரர் ஒருவர். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், பரிசு குடுத்தாத்தான் படிப்பு வரும்னது எலிக்காரரா நாய்க்காரரா?" என்று அவர் கேட்க, முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

ஒருநாள் பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார். "நாய வச்சுப் பாத்திருக்காக, பூனைய வச்சுப் பாத்திருக்காக. ஒரு ஆளாச்சும் நாப்பது ஒண்ணாங் கிளாஸ் புள்ளைகள ஒரே ரூம்புல வச்சுப் பாத்தாகளா? பாத்திருந்தா கோட்பாடு எழுத நேரம் இருந்திருக்குமா?"

கதவைச் சாத்தினாலும் ஜன்னல் இருக்கிறதே. விளையாட வந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். பெரிய டீச்சர் தரையில் படுத்துக்கொண்டு விரல் வைத்து எழுத்துக் கூட்டுகிற காட்சி மறுநாளே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அவசரத்திலும் வாசலில் நின்றாள்.

"டீச்சர், ஒங்களுக்குப் பரிச்சையாமுல்ல? பெயிலாப் போனா வீட்டுக்கு அனுப்பிருவாகளாமே?"

"யாரு சொன்னது?" என்றார் பெரிய டீச்சர்.

"எம்மகதான். பெரிய டீச்சருக்கு இன்னும் வாசிக்க வரலம்மா, சின்ன டீச்சர்தான் சொல்லிக் குடுக்காகன்னா."

பெரிய டீச்சரின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளுக்கே பாவமாகிவிட்டது. "வருத்தப்படாதீக டீச்சர். நல்லாப் படிங்க. கம்பெனியில எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன், சாமி கும்பிடுறாக" என்று சொல்லிவிட்டு ஓடினாள். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. அத்தனை ஆர்டருக்கு நடுவிலும் ஒரு கம்பெனியே எங்களுக்காகச் சாமி கும்பிடுகிறது என்று கேட்டதும் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

பரீட்சை நெருங்கும்போதுதான் தெரிந்தது, ஒரு பாரத்தைக் காணோம் என்று. சுருட்டு மொத்தத்தையும் இரண்டு தரம் அலசினோம். நடுவில் பதினாறு பக்கம் இல்லை. பொருளடக்கத்தில் பார்த்தால், வாசிப்பு கற்பித்தல் என்ற பாடம். எங்கள் சொந்தப் பாடம்.

தம்பிக்குப் போன் போட்டேன். விசாரித்துவிட்டு, "அக்கா, அந்தப் பாரம் மட்டும் சுத்தமா ஓடிருச்சாம். வேஸ்டே விழலயாம்" என்றான்.

பெரிய டீச்சர் தைரியமாகத்தான் இருந்தார். "அது எதுக்கு டீச்சர் நமக்கு? அதத்தான இத்தன வருசமாப் பண்றோம். அங்கன எழுத்து முறைதான் சரின்னு போட்டிருப்பான், வேற என்ன?"

"சொல் முறைன்னு போட்டிருப்பான்" என்றேன்.

"பாம்பு வெரலா?"

"குருவி வெடியா?"

அன்றைக்கு அதற்குமேல் படிப்பு ஓடவில்லை. ஆளுக்கொரு பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் திறக்காமல் கிடந்த நாட்களில் பரீட்சை வந்தது. விருதுநகரில் ஒரு பள்ளியில் எங்கள் இருவருக்கும் ஒரே மையம். முதல் நாள் அவர் போன் செய்து, "ஒண்ணாவே போவோம் டீச்சர். தனியாப் போனா படிச்சதெல்லாம் மறந்துரும்" என்றார். விடிந்ததும் விடியாததுமாகப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் கணக்குச் சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கணக்கில் அவர் புலி. எனக்குக் கணக்கு என்றாலே ஆகாது. தனிவட்டி, கூட்டுவட்டியெல்லாம் அவர்தான் எனக்குத் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டியிருந்தார்.

வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து இளைஞர் ஒருவர் ஹால் டிக்கெட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"கூட வந்தவங்க எல்லாம் அந்த மரத்தடியில நில்லுங்கம்மா. எழுதுறவங்க மட்டும்தான் உள்ள."

பெரிய டீச்சர் நிமிர்ந்து நின்று, "நாங்கதான் தம்பி எழுதுறவக" என்று ஹால் டிக்கெட்டை நீட்டினார். இளைஞர் அதிலிருந்த படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சாரி மேடம்" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

ஹாலுக்குள் எங்களுக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள். சொந்த மகள் வயது இருக்கும். நான் பேனாவை எடுத்து வட்டங்களை நிரப்பத் தொடங்கினேன். கண்ணாடியைப் போட்டால் கேள்வி தெரிகிறது, விடைத்தாளின் வட்டம் தூரமாகப் போகிறது. கழற்றினால் வட்டம் மூன்றாகத் தெரிகிறது. நாய்க்காரர் வந்தார், பூனைக்காரர் வந்தார். மயில் தோகைக்குக் கீழே படித்தவற்றையெல்லாம் மயிலோடு சேர்த்தே ஞாபகத்துக்குக் கொண்டுவந்து எழுதினேன். வட்டிக் கணக்குகூட வந்தது.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. தொடக்கநிலையில் வாசிக்கக் கற்பிக்க ஏற்ற முறை எது? முதலாவது, எழுத்து முறை. இரண்டாவது, சொல் முறை.

என் கை உடனே இரண்டாவது வட்டத்துக்குத்தான் போனது. அங்கே போய் நின்றுவிட்டது. என் நினைப்பை இங்கே யார் கேட்டார்கள்? கேள்வி எழுதியவர் என்ன நினைத்திருப்பார்? என்னிடம் மூன்றாம் வகுப்பு முடித்துப் போகிற என் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் பாடப் புத்தகத்தைத் தங்குதடையில்லாமல் வாசிக்கிறார்களே, அது என் லேபிள்களால் மட்டும்தானா? நாலாம் வகுப்பின் முதல் இரண்டு மாதம் பெரிய டீச்சர் அவர்களை உட்கார்த்திவைத்து எழுத்தெழுத்தாகப் பழக்குவது எனக்குத் தெரியாததா? ஒதுங்கியிருத்தல் வேறு கண்முன் வந்து நின்றது. பெரிய டீச்சரின் கட்டைவிரல் தெரிந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு முதல் வட்டத்தை நிரப்பினேன். கட்சி மாறிய மாதிரி இருந்தது.

வெளியே வந்தபோது நல்ல பசி. "விருதுநகர் வந்துட்டுப் பரோட்டா திங்காமப் போனா நம்மள மனுசியில சேக்க மாட்டாக" என்று பெரிய டீச்சர் என்னைக் கடைக்குள் இழுத்துப் போனார். கடை முழுக்கப் பரீட்சை எழுதியவர்கள்தான். எல்லா மேசையிலும் சால்னாவுக்குப் பக்கத்தில் கேள்வித்தாள். எண்ணெயில் பொரித்த பரோட்டாவை அவர் பிய்த்துப் போட்டுக்கொண்டே ஒவ்வொரு கேள்வியாக வந்தார். கணக்கில் நான் தப்பாகப் போட்டவற்றை எல்லாம் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். அந்தக் கேள்வி வந்ததும் சால்னாவை எடுத்து என் தட்டில் ஊற்றினார்.

"ஒங்களுக்கு அது எப்படியும் ஒரு மார்க்கு டீச்சர்" என்றார். "நீங்க சொல் முறைதான போட்டிருப்பீக."

"இல்ல. எழுத்து முறை போட்டேன்."

அவர் கையில் பிய்த்த பரோட்டா அப்படியே நின்றது. "ஏன்?"

"நீங்க சொல்றதுதான் சரியா இருக்குமோன்னு தோணுச்சு. நாலாங் கிளாஸ்ல நீங்கதான அதுகளச் சரி பண்றீக."

அவர் என்னையே பார்த்தார். பிறகு அந்தத் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, மூச்சுவாங்கச் சிரித்தார்.

"நான் சொல் முறை போட்டேன் டீச்சர்! லேபிளப் பாத்துட்டு ஓடி வருதுகளே அந்தப் புள்ளைக, எங்கிட்ட எந்தப் புள்ள அப்படி ஓடி வந்துச்சு? இப்பக் காலம் அதுதான்னு நெனச்சு ஒங்களுதப் போட்டுட்டேன்."

எனக்கும் சிரிப்பு பீறிட்டது. இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் சர்வர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எது சரியோ, இரண்டில் ஒருவருக்கு மார்க் நிச்சயம் என்று நான் சொன்னேன். சட்டப்படி அந்த மார்க்கில் பாதி அடுத்தவருக்குச் சேர வேண்டும் என்றார் அவர்.

பக்கத்து மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன் ஒருவன் தயங்கித் தயங்கி, "மேடம், அதுக்கு ரெண்டுமே இல்ல. நாலாவதுதான் ஆன்சர்" என்றான்.

"நாலாவதா?" என்றோம் இருவரும்.

அவன் தன் கேள்வித்தாளைத் திருப்பிக் காட்டினான். மூன்றாவதாக வாக்கிய முறை இருந்தது. நாலாவதாக, 'மேற்கண்டவற்றைக் குழந்தைக்கேற்பக் கலந்து பயன்படுத்துதல்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மயில் இல்லை, சரஸ்வதி இல்லை, பளிச்சென்ற வெள்ளைத் தாள்.

பெரிய டீச்சர் அதை ஒருமுறை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தார். நான் மொத்தமாக ஒருமுறை பார்த்தேன். இரண்டு முறையிலும் ஒரே மாதிரிதான் வந்தது. பரீட்சை ஹாலில் முதல் இரண்டு வரியைப் பார்த்ததுமே எங்களுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அதற்குக் கீழே எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. 'கடைசிவரைக்கும் படிலே, பாதியில நிறுத்தாத' என்று ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகளை அதட்டுகிறோம்!

"வாசிப்புப் பாடத்துல ரெண்டு பேருமே பெயிலு" என்றார் பெரிய டீச்சர். அந்தப் பையனுக்கு ஒரு பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அவன் வேண்டாமென்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை.

முடிவு வருகிறவரை அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை. மழை ஓய்ந்தது, கம்பெனிகள் திறந்தன, பஸ்களில் மறுபடி நிற்க இடமில்லாமல் போனது. நான் என் வகுப்பில் லேபிளோடு ட, ப, ம அட்டைகளையும் தொங்கவிட்டேன். பெரிய டீச்சர் பார்த்துவிட்டுத் தன் பக்கம் போனார். ஆனால் ஒருநாள் நாலாம் வகுப்பிலிருந்து 'சக்கரம்' என்று ஒரு கூட்டமே கத்துகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். என் சுவரிலிருந்து கழன்று விழுந்த லேபிள் ஒன்று அவர் கையில் இருந்தது. "கீழ கெடந்துச்சு. மிதிபட வேண்டாம்னு எடுத்தேன்" என்றார்.

முடிவுகள் வந்த அன்று போனில் சிக்னல் இல்லை. பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில்தான் ஒரு கோடு வரும். அங்கே நின்று பதிவு எண்ணைத் தட்டினோம். போன் திரையில் சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. முதலில் என்னுடையது வந்தது. தேர்ச்சி. அடுத்து அவருடையது. தேர்ச்சி, என்னைவிடக் கூடுதலாக. கணக்கு அவரைத் தூக்கிவிட்டிருந்தது. பெரிய டீச்சர் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகிறாரோ என்று நினைத்தேன். "எங்கப்பா இருந்திருந்தா எங்கிட்ட நல்லா நாலு திட்டு வாங்கியிருப்பாரு" என்றார். அப்புறம் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில், கம்பெனியில் எங்களுக்காகச் சாமி கும்பிட வைத்த அந்த அம்மா, மகளை விட வந்தவள், கேட்டுக்கு வெளியே நின்றே குரல் கொடுத்தாள். கம்பெனி பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், பாசாயிட்டீகளாமுல்ல! ரொம்பச் சந்தோசம். எம்புட்டு மார்க்கு?"

பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையின் மார்க்கையும் மைக் இல்லாமலே தெருவுக்குக் கேட்கும்படி படிக்கிறவர் பெரிய டீச்சர். அவர் என்னைப் பார்த்தார். நான் பலகையை அழிக்கப் போனேன்.

"மார்க்கெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா" என்றார் அவர். "மனசு கஷ்டப்படும்."

"யாரு மனசு டீச்சர்?"

"எல்லார் மனசுந்தான். ஒங்க பஸ்ஸு போகுது பாருங்க."

அவள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள். ஓடிக்கொண்டே திரும்பி, "அப்ப எம்மக மார்க்கையும் இனிமே காதுலயே சொல்லுங்க டீச்சர்!" என்று கத்திவிட்டுப் போனாள்.